பிடி கொடாத போல்ட்

புதுச்சேரியின் நெற்களஞ்சியமெனப் பெயர் பெற்றது பாகூர். அங்கும் வில்லியனூர்ப் பக்கத்திலும் இன்று உழவு பெரும்பாலும் டிராக்டரை நம்பியே நடக்கிறது. அதன் கியர்ப் பெட்டியிலுள்ள எண்ணெயைக் காலத்தில் மாற்றாவிடில் பற்சக்கரங்கள் ஒன்றையொன்று தின்றுவிடும். மாற்றப் புகுந்தாலோ, அடியிலுள்ள வடிகால் போல்ட்டின் தலை ஸ்பானருக்குப் பிடி கொடாமல் உருண்டு விடுவதுண்டு. நடவுக்கு நாள் குறித்த குடியானவருக்கு இதைவிடச் சங்கடம் வேறென்ன?

நேயர்களே! எண்ணெய் ஊற்றும் மேல்மூடி கழலுகிறதா என்று முதலில் பாருங்கள். அது அசையாதிருக்கையில் கீழே வடித்துவிட்டால், வண்டி நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான். பன்னிரண்டு முனைச் சாக்கெட் வழுக்கும். ஆறு முனையுள்ளதே தலையை நன்கு பற்றும். தலை அடியோடு உருண்டுவிட்டாலும் கவலை வேண்டாம். பழகிய வெல்டர் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, அதன்மேல் ஒரு நட்டைப் பற்றவைத்துத் திருப்பிவிடுவார். அந்தச் சூடே இறுகிய மரையையும் இளக்கும்.

பெட்டியின் மரையே அழிந்திருந்தால் புது மரை வெட்ட நேரும். அப்பொழுது உதிரும் இரும்புத் துகளைக் கழுவி வெளியேற்றாமல் எண்ணெய் ஊற்றலாகாது.

மூடும்போது புது வாசரிட்டு அளவாய் இறுக்குங்கள். இன்று காட்டும் வீண் பலத்துக்கு அடுத்த முறை கழற்றுகிறவரல்லவா கூலி கொடுக்க வேண்டியிருக்கிறது!