பகைவனின் கப்பல்



செஞ்சிக் கோட்டையைக் காண வருவோர் கல்யாண மகாலையும் நெற்களஞ்சியங்களையும் கண்டு வியந்து திரும்புவர். கடலுக்கு வெகு தொலைவிலுள்ள இம்மலைக்கோட்டையின் வரலாற்றில் கப்பற்சேதம் ஒன்றும் இடம்பெறுகின்றது என்றால் பலர் நம்பமாட்டார்கள்.

நம் சோழமண்டலக் கரையில் பெருங்கப்பல்கள் ஒதுங்கத்தக்க இயற்கைத் துறைமுகம் அன்று இல்லை. அவை திறந்த கடலிலேயே நங்கூரமிட்டு நிற்கவேண்டும். கட்டுமரங்களும், தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்த மசூலா படகுகளுமே ஆட்களையும் பண்டங்களையும் கரைசேர்த்தன. புயல் வந்தால் புகலிடம் ஏது? 1746 அக்டோபரில் சென்னைக்கு எதிரே பிரெஞ்சுக் கப்பல்கள் சில மூழ்கின. 1749 ஏப்ரலில் கடலூர்த் தேவனாம்பட்டினத்தருகே ஆங்கிலேயரின் 'நாமூர்' போர்க்கப்பல் 500-க்கு மேற்பட்டோரைப் பலிகொடுத்தது. கடல் கொடி பார்த்துக் கொல்வதில்லை.

1760-இன் இறுதியில் ஆங்கிலேயர் புதுவையைத் தரையிலும் கடலிலும் முற்றுகையிட்டிருந்தனர். செஞ்சியோ 1750 முதல் பிரெஞ்சுக்காரர் வசமிருந்தது. டிசம்பர் 31 இரவு பெரும்புயல் எழுந்தது. ஆங்கிலேயக் கடற்படைத் தலைவர் ஸ்டீவன்ஸ் நங்கூரக் கயிற்றை அறுத்துவிட்டு ஆழ்கடலுக்குச் சென்று பிழைத்தார். அவர் எழுப்பிய எச்சரிக்கை வெடியோசை, காற்றின் இரைச்சலில் மற்றவர்களுக்கு எட்டவில்லை. மூன்று கப்பல்கள் மூழ்கின. மூன்று கரையில் மோதி உடைந்தன. மாண்டவர் ஏறக்குறைய 1,100 பேர். மூழ்கிய கப்பல்களின் உடைந்த மரத்துண்டுகளைப் பற்றிப் பிழைத்தோர் பதினால்வரே: ஐரோப்பியர் எழுவர், நம் நாட்டு மாலுமிகளான லஸ்கர்கள் எழுவர்.

பட்டினியால் வாடிய புதுவைக்கு இது விண்ணிலிருந்து வந்த விடுதலையாகத் தோன்றிற்று. கடல்வழி திறந்தது, இனி உணவு வரும் என்று தளபதி லாலி நம்பினார். ஆனால் எஞ்சிய கப்பல்கள் சில நாட்களிலேயே திரும்பிவந்து சூழ்ந்துகொண்டன. ஜனவரி 16-இல் புதுவை வீழ்ந்தது. ஏப்ரலில் செஞ்சியும் பணிந்தது.

பசித்தவன் மகிழ்ச்சியைப் பழிக்க நான் துணியேன். எனினும் பிறர் மூழ்கியதால் கிடைத்த மகிழ்ச்சி இரு வாரமும் நிலைக்கவில்லை. புனித சின்னப்பர் சென்ற கப்பல் உடைந்தபோது 276 பேர் கரை சேர்ந்தனர். அவர்கள் யார், எவர் என்று மால்ட்டாத் தீவினர் கேட்கவில்லை. மழையில் நனைந்தவர்களுக்குத் தீ மூட்டினர்.

இன்றும் கடலூரிலும் புதுவையிலும் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறும்போது, 'ஏரி நிரம்பும்' என்று நாம் மகிழ்கிறோம். உழவனுக்கு அது இயல்பே. ஆனால் அதே நேரத்தில், கடலுக்குச் சென்ற கணவனை எதிர்நோக்கிக் கரையில் ஒரு தாய் நிற்கிறாள். 2024 நவம்பர் 30-இல் கரைகடந்த 'ஃபெஞ்சல்' புயல், நம் அண்டையிலுள்ள மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை பெய்வித்ததை மறந்திருக்கமாட்டீர்கள். கடலின் துன்பம் மலையடிவாரத்திற்கும் வரும்.

அடுத்த முறை கூண்டு ஏறியதென்று கேட்கும்போது, நம் ஏரியை நினைக்குமுன் அவர்கள் படகை நினைப்போம். அன்று மாலை குடும்பச் செபத்தில் அவர்களுக்காகவும் ஒரு மன்றாட்டு எழட்டும்.