மதகோடு நின்றுவிடும் கேமரா

முல்லைப்பெரியாறு பற்றிய ஆவணப்படங்களுக்குத் தமிழில் ஒரு வார்ப்பே உருவாகிவிட்டது. தேக்கடி ஏரியின் மேல் ட்ரோன் பறக்கும். பென்னிகுக் படம் வரும். 1886 ஒப்பந்தம், 999 ஆண்டுக் குத்தகை, 8,000 ஏக்கர், 1895இல் அணை திறப்பு என்று பின்னணிக் குரல் அடுக்கும். பிறகு 136 அடியா 142 அடியா என்ற வழக்கு, 2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. கடைசியில் பச்சை வயலும் பொங்கல் பானையும். என் முனைவர் பட்ட ஆய்வுக்காகத் தொலைக்காட்சியிலும் யூடியூபிலும் இத்தகைய படங்களைத் தேடித் தேடிப் பார்த்து வருகிறேன். அந்தப் பச்சை வயலில் குனிந்து நாற்று நடும் பெண்ணிடம், "இது யார் நிலம், உங்களுக்கு என்ன கூலி" என்று கேட்ட படம் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை.

அணை மீது தமிழ்நாட்டுக்கு உள்ள உரிமையில் எனக்குச் சந்தேகம் இல்லை. தேனி முதல் ராமநாதபுரம் வரை ஐந்து மாவட்டங்கள் அந்தத் தண்ணீரை நம்பியிருக்கின்றன. என் கேள்வி மதகுக்கு இந்தப் பக்கம் தொடங்குகிறது. லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல் என்று ஒவ்வொரு ஜூன் மாதமும் செய்தி வருகிறது. அந்த ஏக்கர்கள் யார் பெயரில் இருக்கின்றன என்று எந்தச் செய்தியும் சொல்வதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 20 விழுக்காடு. சாகுபடி நிலத்தில் அவர்கள் கையில் இருப்பது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அணையிலிருந்து இறங்கும் தண்ணீர் பட்டா இருப்பவனின் வரப்புக்குள்தான் பாய்கிறது.

இதில் வரலாற்று வேடிக்கை ஒன்று உண்டு. மலை மேல் அணை எழும்பிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் பறையர் மக்களின் நிலை பற்றி 1891இல் ஓர் அறிக்கை எழுதினார். அதன் விளைவாக 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. அணையைக் கட்டியதும் சென்னை மாகாண அரசுதான், ஆணையைப் போட்டதும் அதே அரசுதான். 1886 ஒப்பந்தத்தின் ஒவ்வொரு ஷரத்துக்காகவும் நாம் உச்ச நீதிமன்றம் வரை போகிறோம். போகத்தான் வேண்டும். ஆனால் 1892 ஆணையை நடைமுறைப்படுத்தச் சொல்லி 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் திரண்டவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தார்கள். ஒரு காகிதம் மண்ணின் மானமாகிவிட்டது, இன்னொன்று சட்டம் ஒழுங்குப் பிரச்சினையாகிவிட்டது.

உழைப்பும் இப்படித்தான் மறைகிறது. தென்மாவட்டக் கண்மாய்ப் பாசனத்தில் மடை திறப்பது, முறை வைத்து வயலுக்கு வயல் தண்ணீர் பாய்ச்சுவது, கரை உடையாமல் இரவெல்லாம் காவல் இருப்பது எல்லாம் மடைக்குடும்பன், நீர்பாய்ச்சி என்று அழைக்கப்பட்டவர்களின் வேலை. பெரும்பாலும் இன்று பட்டியல் சாதிகளாக வகைப்படுத்தப்பட்டவர்களே அதைச் செய்தார்கள். கூலி களத்தில் நெல்லாக அளக்கப்பட்டது. எந்த வயலுக்கு எப்போது எவ்வளவு தண்ணீர் என்ற கணக்கு அவர்கள் தலையில் இருந்தது, வயல் வேறொருவர் பெயரில் இருந்தது. நம் படங்களில் நீர்ப் பொறியியல் பென்னிகுக்கோடு தொடங்கி அவரோடே முடிந்துவிடுகிறது. அணை கட்டும்போது நோயில் இறந்தவர்களைப் புதைத்த இடுகாடு அணைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 2013இல் லோயர்கேம்பில் பென்னிகுக்குக்கு மணிமண்டபம் திறந்தோம். கல் சுமந்தவர்களின் பெயர்களை யாரும் தேடவில்லை.

காலில்லாத நிலத்துக்குக் காத்திருக்க முடியாதவர்கள் மலையேறுகிறார்கள். விடிவதற்கு முன்பே கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் ஜீப்புகளில் நெருக்கியடித்துக்கொண்டு பெண்கள் இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகிறார்கள். நிலமற்ற குடும்பங்களின் பெண்கள், அவர்களில் தலித் பெண்கள் கணிசம். நடவும் அறுப்பும் சில வாரங்கள்தான், மற்ற நாட்களில் அடுப்பு எரிய வேண்டுமே. 2011 டிசம்பரில் அணைப் பிரச்சினை வெடித்து எல்லை அடைபட்டபோது முதலில் நின்றுபோனது இவர்கள் கூலிதான். தோட்டங்களில் தங்கி வேலை பார்த்த தமிழ்த் தொழிலாளர்கள் பலர் அச்சத்தில் மலையிறங்கி ஓடிவந்தார்கள். இரண்டு மாநிலங்களின் சண்டையில் அடி வாங்கியவர்களுக்கு இரண்டு பக்கமும் நிலமில்லை. இதை நெருங்கித் தொட்டது ஆவணப்படம் அல்ல, ஒரு கதைப்படம். லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை' (2018) நாயகன் ஏலக்காய் மூட்டை சுமந்து ஒரு துண்டு நிலத்துக்காக ஏங்குகிறான். கடைசியில் கைவிட்டுப்போன அதே நிலத்தில் காற்றாலைக்குக் காவலாளி ஆகிறான்.

ஆவணப்படத்தால் இதைச் செய்ய முடியாதா? முடியும் என்பதற்குத் தமிழிலேயே சான்று இருக்கிறது. 1999 ஜூலை 23 அன்று கூலி உயர்வும் சிறையிலிருந்த தொழிலாளர்களின் விடுதலையும் கேட்டு மாஞ்சோலைத் தேயிலைத் தொழிலாளர்களும் ஆதரவாளர்களும் நெல்லையில் ஊர்வலம் வந்தார்கள். போலீஸ் தடியடியில் தாமிரபரணிக்குள் விரட்டப்பட்டு 17 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவன் ஒன்றரை வயதுக் குழந்தை. ஆர்.ஆர். சீனிவாசனின் 'நதியின் மரணம்' அந்தக் கொலைகளைப் பற்றிய படம். தாமிரபரணி என்றால் புராணமும் படித்துறையும் என்று பழகிய கண்களுக்கு, அந்த ஆற்றில் சாதியும் கூலியும் போலீசும் இருப்பதை அது காட்டியது.

1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் மகாத் குளத்தில் தண்ணீர் அள்ளியபோது கேட்ட கேள்வி பழசாகவில்லை. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்தவர்களின் நாட்டில்தான் நாம் ஆறுகளைப் பற்றிப் படம் எடுக்கிறோம். சாதியைக் கேட்காத நதிப்படம் சுற்றுலா விளம்பரம்தான்.

கம்பம் பள்ளத்தாக்கில் கேமராவும் ஃபோனும் வைத்திருக்கும் இளைஞர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்பது இதுதான். அடுத்த ஜூனில் மதகு திறக்கும்போது அமைச்சர் தூவும் பூவோடு ரெக்கார்டிங்கை நிறுத்திவிடாதீர்கள். வாய்க்காலோடு நடந்து கடைமடை வரை போங்கள். பட்டா யார் பெயரில் என்று கேளுங்கள். ஆணுக்கு என்ன கூலி, பெண்ணுக்கு என்ன கூலி என்று கேளுங்கள். சேரிக் குழாயில் எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது என்று கேளுங்கள். தண்ணீர் பாய்ச்சிய பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள், அவர்களுக்கு ஆவணக் காப்பகம் கிடையாது. அவர்கள் பெயரை அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்லிப் பதிவு செய்யுங்கள்.