ஆய்வகம் மட்டும் போதுமா?

'பாரதிய அந்தரிக்ஷ நிலைய'த்தின் முதல் பகுதியை 2028-ஆம் ஆண்டிலும், முழு நிலையத்தை 2035-ஆம் ஆண்டுக்குள்ளும் விண்ணில் நிறுவ இந்தியா திட்டமிட்டுள்ளது. அந்த முதல் பகுதியையும் உள்ளடக்கி விரிவாக்கப்பட்ட ககன்யான் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 செப்டம்பரில் ஒப்புதல் அளித்தது. திட்டத்தின் மொத்த நிதி ரூ.20,193 கோடி. அங்கு எந்த ஆய்வுகள் நடைபெறும், அவற்றை யார் மேற்கொள்வார்கள் என்பதை இப்போதே கேட்க வேண்டும்.

இதில் சர்வதேச விண்வெளி நிலையம் தரும் பாடம் முக்கியமானது. அமெரிக்காவின் 'டெஸ்டினி' ஆய்வகம் 2001 பிப்ரவரியில் அங்கு இணைக்கப்பட்டது. ஆனால், 2003-இல் நிகழ்ந்த கொலம்பியா விண்கல விபத்துக்குப் பிறகு சில ஆண்டுகள் இருவர் மட்டுமே அங்கு தங்க முடிந்தது. அவர்களின் நேரத்தில் பெரும்பகுதியைப் பராமரிப்புப் பணிகளே விழுங்கின. ஐரோப்பாவின் 'கொலம்பஸ்', ஜப்பானின் 'கிபோ' ஆய்வகங்கள் 2008-இல் சென்றடைந்தன. 2009 மே மாதத்தில் குழுவினர் எண்ணிக்கை ஆறாக உயர்ந்த பின்னரே ஆய்வுக்குப் போதிய நேரம் கிடைத்தது.

பொருளாதாரத்தில் இதை 'நிலையான செலவு' என்போம். இயந்திரம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அதற்கான செலவு குறையாது. பயன்படும் நேரம் குறையக் குறைய, ஒவ்வோர் ஆய்வின் விலையும் ஏறும். விண்வெளி ஆய்வகத்தில் அரிதான வளம், வீரர்களின் நேரமும் தகுதிவாய்ந்த ஆய்வுத் திட்டங்களுமே.

சீனா இதை உணர்ந்து செயல்பட்டது. வென்தியன், மெங்தியன் ஆய்வகங்கள் 2022-இல்தான் விண்ணில் ஏவப்பட்டன. ஆனால், ஐ.நா. விண்வெளி விவகார அலுவலகத்துடன் இணைந்து, 17 நாடுகள் பங்கேற்கும் 9 ஆய்வுத் திட்டங்களை 2019-லேயே அந்நாடு தேர்வு செய்துவிட்டது. பெங்களூரில் உள்ள இந்திய வான் இயற்பியல் மையம் பங்கேற்கும் திட்டமும் அவற்றில் ஒன்று.

நம்மிடமும் ஆற்றல் இல்லாமல் இல்லை. 2025-இல் சர்வதேச விண்வெளி நிலையத்தில் தங்கிய சுபான்ஷு சுக்லா, ஏழு இந்திய ஆய்வுகளை மேற்கொண்டார். பச்சைப்பயறும் வெந்தயமும் ஈர்ப்பு விசை உணரப்படாத சூழலில் முளைப்பதை ஆராய்ந்த திட்டத்தில் தார்வாட் வேளாண் அறிவியல் பல்கலைக்கழகம் பங்கேற்றது. மாநிலப் பல்கலைக்கழகங்களாலும் இத்தகைய ஆய்வில் ஈடுபட முடியும் என்பதற்கு இதுவே சான்று.

ஓர் ஆய்வை வடிவமைத்து, தரையில் சோதித்து, பாதுகாப்பு ஒப்புதல் பெறுவதற்கே பல ஆண்டுகள் ஆகும். எனவே, வெளிப்படையான அழைப்பு, துறை வல்லுநர்களின் மதிப்பீடு, பல்கலைக்கழகங்களுக்கென ஒதுக்கப்பட்ட ஆய்வு நேரம் ஆகியவற்றை அரசு இப்போதே அறிவிக்க வேண்டும். ஆய்வாளர்களை உருவாக்காமல் ஆய்வகத்தை மட்டும் அனுப்பினால், விண்ணில் நாம் நிறுத்தி வைப்பது வெறும் பெருமையின் சின்னமாகவே இருக்கும்.