சுருக்கலாம், குன்றலாகாது

நன்னூலார் நூலுக்குரிய அழகுகள் பத்தினை வகுத்தபோது ‘சுருங்கச் சொல்லல்’ என்பதை முதற்கண் வைத்தார். குற்றங்கள் பத்தினை வகுத்தபோது ‘குன்றக் கூறல்’ என்பதை முதற்கண் வைத்தார். சுருக்குவோன் ஓரடி பிசகினும் அழகினை விட்டு நீங்கிக் குற்றத்தினுட் புகுந்துவிடுவான். பல்லாண்டாக வகுப்பறையில் இதனைக் கற்பித்துவரும் யான், இவ்விதி கணினிக்கும் உரியதென்பதை அண்மையிலேதான் உணர்ந்தேன்.

எம்மிடம் பயின்று, இன்று கணினித் துறையிற் கடமையாற்றும் பழைய மாணவர் ஒருவர் கல்லூரிக்கு வந்திருந்தார். பெரிய நிலையங்களிற் கணினிகளின் செயற்றிறனை எவ்வாறு கண்காணிக்கின்றனர் என்பதை அவர் விளக்கினார். வைத்தியர் நோயாளியின் நாடியைப் பார்ப்பதுபோல, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு கணினியின் நாடியும் பார்க்கப்படுகின்றதாம். கணிக்கும் பகுதி எவ்வளவு உழைக்கின்றது, நினைவகம் எவ்வளவு நிரம்பியுள்ளது, வலையமைப்பு வழியே எவ்வளவு தரவு செல்கின்றது என்பன யாவும் பதியப்படுகின்றன. இவ்வாறு ஓர் அளவை மட்டும் பதிந்தாலும் நாளொன்றுக்கு 288 பதிவுகள், ஆண்டொன்றுக்கு 1,05,120. ஒரு கணினியில் 50 அளவுகளைக் கண்காணித்தால் ஆண்டுக்கு 52 இலட்சத்துக்கு மேல். அத்தகைய கணினிகள் நூறிருப்பின் 52 கோடிக்கு மேல்.

“இத்தனையையும் எங்கே வைப்பது, ஐயா? பழையவற்றைச் சுருக்கிவிடுவோம்” என்றார்.

“எப்படித் தம்பி சுருக்குவீர்கள்?”

“சராசரி எடுப்போம்.”

அவ்விடை என் மனத்திற் பல நாள் உறுத்திற்று. அதன் பயனே இக்கட்டுரை.

இவ்வாறு சுருக்கும் முறை புதியதன்று. 1994ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லெஸ்ரர் நகரிலுள்ள டி மொன்ற்போட் பல்கலைக்கழகத்துக்கு வெளியுலகத் தொடர்பாக இருந்தது 64 கிலோபிற்றுக் கம்பி ஒன்றே. அஃது எவ்வாறு இயங்குகின்றது என அறிய யாவரும் விரும்பினர். அங்குப் பணியாற்றிய ரோபியாஸ் ஓற்றிக்கர் என்பார் அதனை அளந்து வரைபடமாக்கும் எம்.ஆர்.ரி.ஜி. என்னும் மென்பொருளை ஆக்கி 1995இல் வெளியிட்டார். அது ஐந்து நிமிட அளவுகளை ஏறத்தாழ இரண்டு நாள் வைத்திருக்கும். அரைமணிச் சராசரிகளை ஏறத்தாழ இரு கிழமையும், இரண்டு மணிச் சராசரிகளை ஏறத்தாழ இரு மாதமும், நாட்சராசரிகளை இரண்டாண்டும் வைத்திருக்கும். அண்மைக்காலம் விரிவாகவும் பழங்காலம் சுருக்கமாகவும் நிற்க, ஏட்டின் பருமன் என்றும் வளராது. மனித நினைவும் இவ்வாறன்றோ? நேற்று உண்ட உணவு நினைவிலுண்டு. சென்ற ஆண்டில் உண்டவை யாவும் ‘வயிறார உண்டோம்’ என்னும் ஒரு சொல்லில் அடங்கிவிடுகின்றன.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. அம்மென்பொருள் சராசரியோடு உச்ச அளவையும் சேர்த்தே காத்தது. அதே அறிஞர் 1999இல் வெளியிட்ட ஆர்.ஆர்.டி.ரூல் என்பதிலும் சராசரி, உச்சம், இழிவு, இறுதியளவு என நான்கில் எதனைக் காப்பது என்பதை வைத்திருப்போனே தெரியலாம். கருவி குறையுடையதன்று. சராசரி ஒன்றையே தெரிந்து ஏனையவற்றைக் கைவிடும் நம் சோம்பலே குறையுடையது.

சராசரி எவ்வாறு ஏமாற்றும் என்பதை நம் ஊர் மழையே காட்டும். மட்டக்களப்பில் ஆண்டொன்றுக்குப் பெய்யும் மழை ஏறத்தாழ 1,700 மில்லிமீற்றர். நாட்கணக்கிற் பகுத்தால் நாளொன்றுக்கு ஐந்து மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. இவ்வெண்ணை மட்டும் கேட்டவன், செங்கலடியில் ஆண்டு முழுதும் இளந்தூறல் விழுமென்றும், ஈண்டு வெள்ளமுமில்லை வறட்சியுமில்லை என்றும் எண்ணுவான். ஆனி ஆடியில் நிலம் வெடிப்பதையும், மார்கழி தையில் வயலும் வீதியும் ஒன்றாய் நீரில் மூழ்குவதையும் அவ்வெண் சொல்லுமோ? 2011 ஜனவரியிலும் பெப்ரவரியிலும் இருமுறை வந்த வெள்ளத்தைச் சொல்லுமோ? 1978 நவம்பர் 23இல் தென்னைகளைச் சாய்த்துக் கூரைகளைப் பறித்த சூறாவளியை, அவ்வாண்டின் சராசரிக் காற்று வேகத்திற் காண முடியுமோ? குளக்கட்டைச் சராசரி மழைக்கு எவரும் கட்டுவதில்லை, பெருமழைக்கே கட்டுவர்.

கணினிக்கும் இஃதே. பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் நாளொன்றை எண்ணுக. ஒரு மணிநேரம் கணினி நூற்றுக்கு நூறு உழைத்துத் திணறுகின்றது. ஏனைய 23 மணிநேரமும் நூற்றுக்குப் பத்தளவே உழைக்கின்றது. அந்நாளின் சராசரி 13.75. மறு ஆண்டு அப்பதிவை நோக்கும் அதிகாரி, ‘இக்கணினி பெரும்பாலும் ஓய்ந்தே கிடக்கின்றது, இன்னொன்று வேண்டியதில்லை’ என்று எழுதுவார். அவர் பொய் எழுதவில்லை. அவர் கையிலிருந்த சுருக்கமே குன்றக் கூறிற்று. அதன் பயனாக, மறுமுறையும் பிள்ளைகள் நள்ளிரவுவரை கைபேசியைப் பார்த்துக் கண்கலங்கி இருப்பர்.

ஆகவே, பழைய பதிவுகளைச் சுருக்குவோர் கைக்கொள்ளற்பாலன நான்கு என்பது எம் கருத்து.

முதலாவது, சராசரியோடு உச்சத்தையும் இழிவையும் உடன்வைத்தல். மேலும் சுருக்குங்கால் உச்சங்களின் உச்சத்தையே எடுத்தல் வேண்டும். உச்சங்களுக்குச் சராசரி எடுப்பது மீண்டும் பழைய பிழையிலே வீழ்வதாகும்.

இரண்டாவது, இன்மையைச் சுழியமாக எழுதாமை. கணினி நின்றுபோன பொழுதில் அளவு எதுவும் வராது. அவ்விடத்திற் சுழியம் இட்டால், மாண்டவனை உறங்குகின்றான் என்று எழுதியதாகும். அளவு வராத இடத்தை ‘அறியப்படாதது’ என்றே குறித்தல் வேண்டும். எத்தனை அளவுகளிலிருந்து சராசரி பிறந்தது என்பதையும் அருகே பொறித்தல் வேண்டும்.

மூன்றாவது, பெருநாட்களின் பதிவைச் சுருக்காது முழுமையாக எடுத்து வைத்தல். பழுது நேர்ந்த நாள், கூட்டம் பெருகிய நாள் ஆகியவற்றின் ஐந்து நிமிட அளவுகளே அடுத்த இடரைத் தடுக்கும் ஆசான்கள்.

நான்காவது, எதனை எப்போது எவ்வாறு சுருக்கினோம் என்பதைத் தெளிவாக எழுதிவைத்தல். அஃதின்றேல் பின்வருவோன் சராசரியை உண்மை அளவென மயங்குவான்.

‘சேமிக்கும் இடம் மலிந்துவிட்ட இக்காலத்தில் சுருக்குவானேன்? அனைத்தையும் வைத்திருக்கலாமே’ என்பாரும் உளர். இடம் மலியலாம், கண்ணும் பொழுதும் மலிவதில்லை. 52 கோடிப் பதிவுகளின் நடுவே வேண்டியதைத் தேடுவோன் வைக்கோற் போரில் ஊசி தேடுவோனேயாவான். ‘மிகைபடக் கூறலும்’ நன்னூலார் விலக்கிய குற்றமே. சுருக்குக என்பதே எம் கருத்தும். குன்றற்க என்பது மட்டுமே வேண்டுகோள்.

சுருக்கியவனுக்கு வேண்டாததாய்த் தோன்றுவது பின்வருவோனுக்கு உயிராதல் கூடும். நம் மண்ணின் மைந்தர் விபுலாநந்த அடிகளார் 1947இல் வெளிவந்த யாழ்நூலுக்காகப் பட்ட பாட்டினை எண்ணுக. யாழைக் கண்டும் கேட்டும் வாழ்ந்தோர் அதனை விரித்தெழுத வேண்டுமென நினைத்திலர். யாழ் மறைந்தபின், சிலப்பதிகார அரங்கேற்று காதையின் சுருங்கிய அடிகளிலிருந்தும் உரைக்குறிப்புகளிலிருந்தும் அதனை மீட்டெடுக்க, அறிவியலும் தமிழும் ஒருங்கே கற்ற பேரறிஞர் ஒருவர் வேண்டியிருந்தார். எல்லாப் பதிவுக்கும் ஒரு விபுலாநந்தர் வாய்ப்பாரோ?

இறுதியாக நம் வீட்டுச் செய்தி ஒன்று. பழைய வரவு இடாப்புகளை ஆண்டுச் சராசரிகளாக்கிக் கணினியில் ஏற்றிவிட்டுத் தாள்களை அகற்றிவிடலாம் என்றொரு பேச்சு ஆசிரியர் அறையில் எழுந்தது. 40 பிள்ளைகள் உள்ள வகுப்பு. ஆண்டுக்கு 200 பாடசாலை நாட்கள். சராசரி வரவு நூற்றுக்குத் தொண்ணூறு எனக் கொள்வோம். ஒவ்வொரு பிள்ளையும் இருபது நாள் வராதிருந்தாலும் இவ்வெண்ணே வரும். 36 பிள்ளைகள் ஒருநாளும் தவறாது வர, நான்கு பிள்ளைகள் ஒருநாளேனும் வாராதிருந்தாலும் இவ்வெண்ணே வரும். முன்னது காய்ச்சலும் அறுவடையும். பின்னது நான்கு வாழ்வுகளின் இழப்பு. சராசரிக்கு இரண்டும் ஒன்றே.

பழைய மாணவ அன்பர்களே, இவ்விழாவை ஒட்டிக் கல்லூரிக்குக் கணினிகள் வழங்க முன்வந்துள்ளீர்கள், நன்றி. அவற்றுள் நம் இடாப்புகளை ஏற்றும்போது, ஒவ்வொரு பிள்ளையின் வரவும் தனித்தனியே நிற்குமாறு ஏற்றிவைக்கவும் துணைபுரிவீர்களாக. ஒரு வகுப்புக்கு ஆண்டொன்றுக்கு எண்ணாயிரம் குறிகளே. கணினிக்கு அஃதொரு சுமையன்று. அந்நான்கு பிள்ளைகளின் பெயர் அதிலிருந்தாலன்றோ, அவர்தம் வீட்டுப் படலையைத் தேடிச்சென்று நாம் தட்ட முடியும்!