சாத்தனூரில் ஒரு பறவை நடை



பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கானோர் 14 கிலோமீட்டர் கிரிவலம் வரும் மாவட்டம் எங்களுடையது. ஆனால் இதே மாவட்டத்தில் ஓடும் தென்பெண்ணைக் கரையில் பறவை பார்க்க நடப்பவர்கள் மிகக் குறைவு. சாத்தனூர் அணைக்கு வருவோர் முதலைப் பண்ணையையும் பூங்காவையும் சுற்றிவிட்டு, மீன் வறுவல் சாப்பிட்டுத் திரும்பிவிடுகிறார்கள்.

ஆற்றோரம் அரை மணி நேரம் நின்றால் போதும். கருப்பு வெள்ளை மீன்கொத்தி அந்தரத்தில் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, தலைகீழாக நீரில் பாயும். நீர்க்காகம் பாறையில் இறக்கை விரித்துக் காயும். குளிர்காலத்தில் வட ஆசியாவிலிருந்து வந்த பொரி உள்ளான்கள் சேற்றைக் கிளறும். ஆள்காட்டி வெறும் தரையில்தான் முட்டையிடும். கூழாங்கல் நிறத்தில் இருப்பதால் மிதித்த பிறகுகூட நமக்குத் தெரியாது.

2024 டிசம்பர் வெள்ளத்தில் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் நீர் திறக்கப்பட்டது. அதற்குப் பின் இக்கரையில் என்னென்ன பறவைகள் கூடு கட்டுகின்றன என்பதைத் தொடர்ந்து பதிவுசெய்வது அவசியம். 2015 முதல் நடந்துவரும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் நம் பள்ளி மாணவர்கள் சாத்தனூரிலிருந்து பங்கேற்கலாமே!

மாதம் ஒரு ஞாயிறு காலை, வனத்துறை வழிகாட்டியுடன் மாணவர்களை இங்கே அழைத்துவர வேண்டும். பறவைகள் முட்டையிடும் கோடை மாதங்களில் மணல் திட்டுகளில் வண்டிகள் இறங்குவதையும் மாவட்ட நிர்வாகம் தடுக்க வேண்டும்.

– ஒரு வாசகர், திருவண்ணாமலை