இரண்டு பத்தி படிக்க எதற்கு ஒரு செயலி?

போன மாதம் ஒரு ராத்திரி, படுத்துவிட்ட சர்வர் ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். ஒரு செட்டிங்கின் பெயர் மறந்துபோச்சு. எதிரே கறுப்பு டெர்மினல், அதில் லிங்க்ஸ். எழுத்தை மட்டுமே காட்டும் பிரவுசர். அந்த மென்பொருளின் உதவிப் பக்கத்தைத் திறந்தால் ஒரே ஒரு வரி: இந்தச் செயலி ஓட ஜாவாஸ்கிரிப்ட் வேண்டும். செயலியா? நான் கேட்டது இரண்டு பத்தி, அவ்வளவுதானே!

அந்த வரியை எனக்கு நன்றாகத் தெரியும். முன்பெல்லாம் ரியாக்டில் புதிதாக ப்ராஜெக்ட் தொடங்கும்போது கருவியே எழுதிக்கொடுத்த வரி அது. நானும் எத்தனையோ முறை அதை அப்படியே விட்டு அனுப்பியிருக்கிறேன். யார் பார்க்கப்போகிறார்கள் என்ற தைரியம்தான்.

லிங்க்ஸ் 1992இல் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. ஜாவாஸ்கிரிப்ட் வந்ததே 1995இல். அதாவது எழுத்துப் பிரவுசர்தான் மூத்தது, வீட்டுக்குப் பின்னால் வந்தது ஸ்கிரிப்ட். இப்போது மூத்தவரைப் பார்த்து "நீங்க யாரு?" என்கிறார்கள். 2025 ஜனவரியில் கூகுள் தேடலே ஜாவாஸ்கிரிப்ட் இல்லாமல் நுழையக்கூடாது என்று சொல்லிவிட்டது.

"யாருய்யா இன்னமும் லிங்க்ஸ்ல படிக்கிறான்?" என்று என் டீமிலேயே கேட்பார்கள். கேள்வியே தப்பு. 2013இல் பிரிட்டன் அரசு இணையதளக் குழு இதை அளந்து பார்த்தது. 1.1 சதவீதம் பேருக்கு ஸ்கிரிப்ட் போய்ச் சேரவில்லை. அதில் ஸ்கிரிப்டை அணைத்துவைத்தவர்களும், அதை ஓட்டத் தெரியாத பிரவுசர் வைத்திருந்தவர்களும் சேர்த்தே 0.2 சதவீதம்தான். மீதி 0.9 சதவீதம் பேர் உங்களையும் என்னையும் போல சாதாரண பிரவுசர் வைத்திருந்தவர்கள். வரவேண்டிய ஸ்கிரிப்ட் அவர்களுக்கு வரவில்லை. ரயில் சுரங்கத்துக்குள் சிக்னல் போயிருக்கலாம், ஆபீஸ் ஃபயர்வால் தடுத்திருக்கலாம், எங்கோ ஒரு ஃபைலில் ஒரு கமா விட்டுப்போயிருக்கலாம். எச்டிஎம்எல்லில் பிழை இருந்தால் பிரவுசர் எப்படியாவது சமாளித்து மிச்சத்தைக் காட்டும். ஸ்கிரிப்டில் பிழை இருந்தால் மொத்தப் பக்கமும் வெள்ளை. லிங்க்ஸ்காரனுக்கு எப்போதும் தெரியும் அந்த வெள்ளை, மற்றவர்களுக்கு எப்போதாவது தெரிகிறது.

இந்த வாதத்துக்குப் பார்வையற்றவர்களைத் துணைக்கு இழுப்பது வழக்கம். நான் இழுக்கமாட்டேன். இன்றைய ஸ்கிரீன் ரீடர்கள் சாதாரண பிரவுசரோடுதான் வேலை செய்கின்றன, ஸ்கிரிப்டும் ஓடும். அவர்களுடைய சிக்கல்கள் வேறு. அதேபோல வரைபடம், வீடியோ கால், கூடி எழுதும் ஆவணம் எல்லாவற்றுக்கும் ஸ்கிரிப்ட் வேண்டும். அதில் எனக்குச் சண்டையே இல்லை. என் சண்டை கட்டுரையோடும் கதையோடும் உதவிப் பக்கத்தோடும்தான். எழுத்து எழுத்தாகவே சர்வரில் இருக்கிறது. அதைத் துண்டாக்கி, பொட்டலம் கட்டி, என் மெஷினில் பிரித்து ஒட்டச்சொல்கிறீர்கள். ஏன்? பெரும்பாலும் வேறு எப்படிச் செய்வதென்று யோசிக்காததால். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

தமிழுக்கு லிங்க்ஸ் நல்ல வீடு என்று பொய் சொல்லமாட்டேன். பல டெர்மினல்களில் 'கொ' என்று எழுதினால் கொம்பும் காலும் கழன்று தனித்தனியாக நிற்கும். ஆனால் எழுத்து வந்து சேர்ந்திருக்கிறதே! 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் எச்டிஎம்எல் பக்கங்களை நான் லிங்க்ஸால் ஃபைலில் இறக்கி வைத்துக்கொண்டு, பிறகு வேறு திரையில் ஒழுங்காகப் படித்திருக்கிறேன். சிதைந்து வந்த எழுத்தைச் சரிபண்ணலாம். வரவே வராத எழுத்தை என்ன பண்ணுவது? நேற்று ஆரம்பித்த இலக்கியத் தளங்கள் சிலவற்றில், கவிதைக்குப் பதில் மெனு மட்டும் வருகிறது. சிலவற்றில் அதுவும் இல்லை.

இப்போதெல்லாம் நான் எழுதும் பக்கம் வெளியே போகும்முன் லிங்க்ஸில் ஒருமுறை திறந்து பார்க்கிறேன். பக்கத்து சீட் பையன் சிரிக்கிறான். சிரிக்கட்டும். போன வாரம் வெள்ளையாக வந்தது அவன் பக்கமில்லை, என் பக்கம்தான்.

அன்றைக்கு ராத்திரி அந்த இரண்டு பத்தியைக் கடைசியில் போனில்தான் படித்தேன். வட்டம் சுற்றி முடிந்து, குக்கீ பெட்டியை மூடி, செய்திமடல் வேண்டாம் என்று சொல்லி முடித்தபோது மணி ஒன்றரை. நான் தேடிய பெயர் பதினோரு எழுத்து.