பதிலுக்கும் ஒரு கெடு வேண்டும்

பள்ளியிடம் பெற்றோர் கேட்கும் எல்லாவற்றுக்கும் உடனடிப் பதில் தேவையில்லை. மாற்றுச் சான்றிதழ் ஓரிரு நாள் பொறுக்கும். ஆனால் பிள்ளைக்கு மூச்சுத் திணறினால் பொறுக்க முடியாது. 2024 அக்டோபர் 25 அன்று சென்னை திருவொற்றியூரில் தனியார் பள்ளி ஒன்றில் வாயு நெடியால் மாணவர்கள் மயங்கினர். நவம்பர் 4-ல் பள்ளி திறந்ததும் மறுபடி அதே நிலை. பதறி ஓடிவந்த பெற்றோர் பள்ளி வாசலில் வாக்குவாதம் செய்தனர். பதிலுக்குக் கெடு வைப்பது புதிதல்ல: தகவல் அறியும் உரிமைச் சட்டம் அரசு அலுவலகங்களுக்கு 30 நாள் கெடு வைக்கிறது. உயிர் தொடர்பானால் 48 மணி நேரம். எண்ணூர் முதல் ராயபுரம் வரை ஆலைகளுக்கு நடுவே நடக்கும் பள்ளிகளுக்கு அதுகூட அதிகம். அவசரத் தகவல், சம்பவம் நடந்த அந்த மணி நேரத்துக்குள்ளேயே பெற்றோரின் கைபேசிக்குப் போகவேண்டும். கல்வித் துறை இதை ஆணையாகவே பிறப்பிக்கட்டும்.